குகை வாசலில் ஒரு கோட்டை: கிளம்பும் முன் அக்கா சொல்வதைக் கேள்

முதலில் செருப்புப் பேச்சை முடித்துவிடலாம். ஸ்லோவேனியாவின் பிரெட்யாமா கோட்டைக்குப் போகப் போகிறாய் என்றால் ஹீல்ஸ், வழுக்குகிற ஃபேன்ஸி செருப்பு, புதிதாக வாங்கி இன்னும் காலுக்குப் பழகாத ஷூ, இந்த மூன்றும் ஓட்டல் அறையிலேயே கிடக்கட்டும். அடியில் நல்ல பிடிப்புள்ள பழைய ஸ்போர்ட்ஸ் ஷூதான் அங்கே தெய்வம். அந்தக் கோட்டையில் சமமான தரை என்பதே அபூர்வம். எல்லாம் கல் படி. ஒரு படி அரை அடி இருக்கும், அடுத்தது முக்கால் அடி இருக்கும். பாறை கசிகிற இடங்களில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். லிஃப்ட் கிடையாது, தள்ளுவண்டி போகாது.

அதனால் யாரைக் கூட்டிப் போகிறாய் என்பதை முதலிலேயே யோசித்துவிடு. அம்மாவுக்கு முட்டி வலி என்றால் மேல் தளம் வரை ஏற்ற வேண்டும் என்று அடம் பிடிக்காதே. கீழே ஊர்ப்பக்கம் நின்று பார்த்தால்தான் கோட்டை முழுசாகத் தெரியும், அதற்கு டிக்கெட்டும் வேண்டாம். அம்மாவை அங்கே ஒரு காப்பியோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறலாம். ஏறியே தீருவேன் என்று அம்மா சொன்னால், புடவைக்குப் பதில் சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல். குறுகலான படியில் ஒரு கையில் கொசுவத்தையும் இன்னொரு கையில் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு ஏறுவது எனக்கே கஷ்டம். நடக்கத் தெரியாத குழந்தை என்றால் முன்னால் கட்டித் தூக்கும் பை. நடக்கத் தெரிந்த வாண்டு என்றால் மாப்பிள்ளையின் ஒரு கை அதன் மேல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் கேமராவை உன்னிடம் கொடுத்துவிடட்டும்.

சரி, இவ்வளவு பீடிகை போட அங்கே என்னதான் இருக்கிறது என்கிறாயா? 123 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அதன் நடுவில் பெரிய குகை வாய். அந்த வாயை அடைத்தபடி, மாடத்துக்குள் அகல் வைத்தாற்போல் ஒரு கோட்டை. முன்பக்கம் மனிதன் கட்டிய சுவர், பின்பக்கம் பாறையே சுவர், தலைக்கு மேல் பாறையே கூரை. உலகிலேயே பெரிய குகைக் கோட்டை என்று கின்னஸ் பதிவும் வாங்கியிருக்கிறது. அடியில், கோட்டையின் காலடியிலேயே லோக்வா என்ற ஓடை பாறைக்குள் புகுந்து மறைந்துபோகிறது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தை என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒன்பது, பத்து கிலோமீட்டர் தள்ளி போஸ்டொய்னா குகை இருக்கிறது. அதற்குள் ரயிலில் போய் வந்துவிட்டு, மிச்சமிருக்கும் அரை மணியில் இங்கே வந்து கோட்டையின் முன் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். டூர் கம்பெனிக்காரர்களின் அட்டவணையும் அப்படித்தான் இருக்கிறது. நீ அந்தத் தப்பைச் செய்யாதே என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கோட்டைக்கு உள்ளே மட்டும் ஒன்றரை மணி நேரம், வெளியே ஊரைச் சுற்ற ஒரு மணி நேரம் ஒதுக்கு.

கதை தெரியாமல் உள்ளே போகாதே

உள்ளே போனால் அரண்மனை மாதிரி தங்கமும் கண்ணாடியும் இருக்காது. கொஞ்சம் மரச்சாமான், கொஞ்சம் ஆயுதம், நிறையப் பாறை. கதை தெரியாதவர்களுக்கு அது பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். ஆகவே முந்தின நாள் ராத்திரியே குழந்தைகளுக்கு எராஸ்மஸ் கதையைச் சொல்லி வைத்துவிடு.

பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரன் எராஸ்மஸ். அப்போது அந்தப் பிரதேசம் ஹாப்ஸ்பர்க் பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக்கின் கையில் இருந்தது. எராஸ்மஸின் நண்பர் ஆண்ட்ரியாஸ் பௌம்கிர்ஷர் என்ற பிரபுவைப் பேரரசர் 1471-இல் கிராட்ஸ் நகரில் தலையை வெட்டிக் கொன்றார். செத்துப்போன நண்பனை அரசவையில் பாப்பன்ஹைம் என்ற தளபதி இழிவாகப் பேச, எராஸ்மஸ் வாளை உருவி அவனைக் கொன்றுவிட்டான் என்கிறது கதை. அந்தத் தளபதி பேரரசருக்குச் சொந்தக்காரன் வேறு. தப்பி ஓடிவந்து இந்தக் குகைக் கோட்டைக்குள் புகுந்துகொண்ட எராஸ்மஸ், ஹங்கேரி மன்னர் மத்தியாஸ் கொர்வினஸின் பக்கம் சாய்ந்து, ஹாப்ஸ்பர்க் நிலங்களைக் கொள்ளையடிக்க ஆரம்பித்தான். 'ஏழைகளுக்கு உதவிய வீரன்' என்று அந்த ஊரில் பாசமாகச் சொல்கிறார்கள். வழிப்பறிக்காரப் பிரபு என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது கட்சிதான்.

அவனைப் பிடிக்க ட்ரியெஸ்ட் நகரத்து ஆளுநர் ரவ்பர் படையோடு வந்து, எதிரே முகாம் போட்டு உட்கார்ந்தார். பாறை மேல் ஏற முடியாது, மேலேயிருந்தும் இறங்க முடியாது; பட்டினி போட்டுப் பணிய வைப்பது ஒன்றுதான் வழி. மாதங்கள் ஓடின. உள்ளே இருப்பவன் வாடுவதாகக் காணோம். நடுவில் ஒரு நாள் கோட்டையிலிருந்து முற்றுகை போட்டவர்கள் தலையில் புத்தம்புது செர்ரிப் பழங்கள் விழுந்தனவாம்!

எப்படி என்றால், அந்தப் பாறை முழுக்க ஓட்டை. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளேயே வழி வெட்டிக்கொண்டு போகும். அப்படி இயற்கையாக உண்டான ஒரு பிலம் கோட்டையின் பின்பக்கக் குகையிலிருந்து மேலே பீடபூமிக்குப் போகிறது. எராஸ்மஸ் அதை ஆள் போகும்படி செப்பனிட்டு, ரகசியமாகச் சாமான் கொண்டுவந்துகொண்டிருந்தான். பக்கத்து விபாவா பள்ளத்தாக்கில் செர்ரி சீக்கிரமே பழுத்துவிடும். அந்தப் பழத்தைத்தான் எதிரி தலையில் எறிந்து கேலி செய்தானாம்.

முடிவு குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கோட்டையில் எல்லாப் பக்கமும் பாறைக் காவல். கழிப்பறை மட்டும் வெளிப்பக்கமாக, மெல்லிய சுவரோடு நீட்டிக்கொண்டிருந்தது. காசு வாங்கிய ஒரு வேலைக்காரன், எஜமான் அங்கே போன சமயம் பார்த்து வெளியே அடையாளம் காட்ட, பீரங்கி வெடித்தது. 1484-இல் எராஸ்மஸின் கதை அங்கே முடிந்தது. ஒரு வருஷமும் ஒரு நாளும் முற்றுகை நடந்தது என்று சொல்வது வழக்கம். செர்ரி, கழிப்பறை, வேலைக்காரன் எல்லாம் வாய்மொழியாக வளர்ந்த கதைகள்தான். நீயும் அப்படியே சொல்லிக்கொடு. பிலம் மட்டும் நிஜம்.

உள்ளே என்ன பார்ப்பது

டிக்கெட்டோடு ஆடியோ கைடு கருவி தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே. பல மொழிகளில் இருக்கிறது, தமிழ் கிடையாது. ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டு மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வது என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். அம்மா வந்திருந்தால் அந்தப் பொறுப்பு உன்னுடையது, மாப்பிள்ளையிடம் விட்டால் இரண்டு அறைக்குச் சேர்த்து ஒரு வரி சொல்வார்.

ஒரு முக்கியமான விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள். நீ வெளியிலிருந்து பார்த்துப் போட்டோ எடுத்த அந்த வெள்ளைச் சுவரை எராஸ்மஸ் பார்த்ததே இல்லை. கோட்டையின் பெயர் ஏட்டில் முதலில் வருவது 1274-இல். எராஸ்மஸ் காலத்துக்குப் பிறகு, 1511-இல் வந்த பெரிய பூகம்பத்தில் கட்டடம் இடிந்துபோனது. அடுத்து வந்த கோபென்ஸல் குடும்பத்தினர் 1570-ஆம் ஆண்டளவில் கட்டிய மாளிகைதான் இன்றைக்கு நாம் பார்க்கும் முன்பகுதி. எராஸ்மஸ் வாழ்ந்த இடம் அதற்கும் மேலே, பின்னால், குகைக்குள் இருக்கிறது. பாதிப் பேர் முன்பகுதி அறைகளைப் பார்த்துவிட்டு 'அவ்வளவுதானா' என்று இறங்கிவிடுகிறார்கள். நீ கடைசிப் படி வரை ஏறு. மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறு, பின்னால் வருபவர்களுக்கு வழி விட்டால் போதும்.

நுழையும்போது இழுபாலத்தைத் தாண்டியதும் தலையைத் தூக்கிப் பார். வாசல் கோபுரத்தின் மேல்தளத்தில் ஓட்டைகள் இருக்கும். வேண்டாத விருந்தாளி வந்தால் கொதிக்கிற எண்ணெயை அதன் வழியாக ஊற்றுவார்கள். உள்ளே ஒரு சின்னத் தேவாலய அறை இருக்கிறது, அதில் இறந்த மகனை மடியில் ஏந்திய மாதாவின் சிலை ஒன்று, 1420-ஆம் ஆண்டளவிலானது. அதைப் பார்க்காமல் வந்துவிடாதே. அதே கட்டடத்தில் சித்திரவதைக் கூடமும் இருக்கிறது. பொம்மை வைத்து விளக்கியிருப்பார்கள். பயப்படுகிற குழந்தை என்றால் அந்த அறையை வேகமாகத் தாண்டிவிடு.

எனக்குப் பிடித்த வேலை வேறு. ஒவ்வொரு அறையிலும் கட்டின சுவர் எங்கே முடிகிறது, மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடு. பூச்சு பூசிய வெள்ளைச் சுவர் நேராக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று மூலையில் புடைத்துக்கொண்டு சாம்பல் நிறப் பாறை நிற்கும். கொத்தனார் அதைச் செதுக்கித் தள்ளாமல், அதன் வளைவுக்குத் தகுந்தபடி கல்லை நறுக்கி வைத்து ஒட்டவிட்டிருப்பார். சில இடத்தில் அந்த ஒட்டு விரல்கூட நுழையாத அளவு நெருக்கம். சில இடத்தில் இடைவெளியில் பச்சைப் பாசி. குழந்தைகளிடம் இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டால் படி ஏறும் களைப்பே தெரியாது. ஆனால் பாறையையும் பழைய சுவரையும் கையால் தேய்க்க வேண்டாம்.

இங்கே குடியிருந்தவர்கள் பகைவனைவிடக் குளிரோடும் ஈரத்தோடும்தான் அதிகம் போராடியிருப்பார்கள். பாறை வருஷம் முழுக்கச் சில்லென்று இருக்கும், மழை பெய்தால் சொட்டும், வெயில் உள்ளே எட்டாது. கணப்பு எரிந்த அறைகள் எவை, ஜன்னல் எவ்வளவு சின்னது என்று கவனித்துக்கொண்டே போ. பதினெட்டாம் நூற்றாண்டில் கோபென்ஸல்காரர்கள் இதைக் கோடைக்கால வீடாக வைத்துக்கொண்டதன் நியாயம் உனக்கே புரியும். அவர்களுக்குப் பிறகு கைமாறிக் கைமாறி விண்டிஷ்கிரேட்ஸ் குடும்பத்திடம் வந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் யுகோஸ்லாவிய அரசு எடுத்துக்கொண்டு அருங்காட்சியகமாக்கியது.

சினிமா பிரியர்களுக்கு ஒரு துணுக்கு: ஜாக்கி சான் 1986-இல் நடித்த 'ஆர்மர் ஆஃப் காட்' படத்தில் இந்தக் கோட்டை வருகிறது. மாப்பிள்ளையை எழுப்பிக் கிளப்ப இது உதவும்.

பையில் என்ன இருக்கணும்

ஸ்வெட்டர். ஆகஸ்டு மாத வெயிலிலும் ஸ்வெட்டர். வெளியே முப்பது டிகிரி என்று ஸ்லீவ்லெஸ்ஸில் போய், உள்ளே கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பவர்களை எப்போதும் பார்க்கலாம். போஸ்டொய்னா குகைக்கும் அதே துணி உதவும், அங்கே எப்போதும் பத்து டிகிரி அளவில்தான். மலைப்பக்கம் என்பதால் திடீர் மழை உண்டு. குடையைவிட ரெயின்கோட் நல்லது, படியில் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். போனுக்குக் கையில் மாட்டும் கயிறு ஒன்று வாங்கிக்கொள். மேல்தளத்து ஜன்னலில் கையை நீட்டிப் படம் எடுக்கும்போது நழுவினால் போன் பள்ளத்துக்குப் போய்விடும். பெரிய டிராலி பெட்டியை இழுத்துக்கொண்டு வராதே. முதுகில் மாட்டும் சின்னப் பை போதும்.

கூச்சப்படாமல் இதையும் சொல்கிறேன். ஐரோப்பியக் கழிப்பறையில் தண்ணீர் வசதி இருக்காது. பையில் ஒரு காலி பாட்டில் எப்போதும் இருக்கட்டும். கோட்டைக்குள் ஏறும் முன்பே எல்லோரும் போய்விட்டு வந்துவிட வேண்டும். எராஸ்மஸின் கழிப்பறையை நம்பி ஏற முடியாது. மாதவிடாய் நாள் என்றால் நாப்கின் கைவசம் வைத்துக்கொள், அந்தச் சின்ன ஊரில் மருந்துக்கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். குடிக்கத் தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்காதே, ஸ்லோவேனியாவில் குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடிநீர் பெறுவது மக்களின் உரிமை என்று 2016-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்ட நாடு அது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ப்ரெஸ் மேஸா' என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். யோட்டா என்று பீன்ஸும் புளித்த முட்டைகோஸும் போட்ட சூப் அந்தப் பக்கத்தில் பிரபலம், ஆனால் பன்றி இறைச்சி கலந்திருப்பது சகஜம், கேட்டுவிட்டு வாங்கு. ஷ்ட்ருக்லி என்று பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேக வைத்த பண்டம் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும். ஊறுகாய்ப் பாக்கெட் ஒன்று உன் பையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

போய்ச் சேரும் வழி

ஸ்லோவேனியாவுக்கு ஷெங்கன் விசா போதும். நாணயம் யூரோ. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குப் பாதி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை சீசன் என்றால் சீக்கிரமே செய்துவிடு.

தலைநகர் லியுப்லியானாவிலிருந்து போஸ்டொய்னா ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பஸ்ஸோ ரயிலோ ஒரு மணி நேரப் பயணம். இத்தாலியின் ட்ரியெஸ்ட்டிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், வெனிஸ் பயணத்தோடு சேர்த்துப் போகிறவர்களுக்கு அது வசதி. சிக்கல் கடைசி ஒன்பது கிலோமீட்டரில்தான். போஸ்டொய்னாவிலிருந்து கோட்டைக்கு வழக்கமான பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியாது. உச்சக் கோடையில், குகைக்கும் கோட்டைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு இலவச பஸ் விடுகிறார்கள். மற்ற மாதங்களில் டாக்ஸிதான். போகும்போதே திரும்பும் நேரத்தையும் பேசிவிடு. கார் எடுத்தால் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டோடு, நெடுஞ்சாலைக்கான 'விக்னெட்' என்ற மின்-அனுமதியும் இருக்கிறதா என்று கேள். இத்தாலியில் எடுக்கும் வாடகைக் காரில் அது பெரும்பாலும் இருக்காது, அபராதம் கடுமை.

டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடு. கோட்டையும் போஸ்டொய்னா குகையும் ஒரே நிர்வாகம் என்பதால் சேர்த்து வாங்கினால் லாபம். குளிர்காலத்தில் கோட்டை திறந்திருக்கும், ஆனால் சீக்கிரம் மூடிவிடுவார்கள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் எனக்குப் பிடித்தவை. கூட்டமும் குறைவு, சாலையோரமெல்லாம் பச்சை. ஜூலையில் எராஸ்மஸ் பெயரில் குதிரை வீரர் போட்டி ஒன்று கோட்டையடியில் நடக்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், கூட்டத்துக்குத் தயாராகப் போக வேண்டும்.

கோட்டைக்கு அடியிலும் ஒரு குகை உண்டு, 13 கிலோமீட்டருக்கு மேல் நீளம். வழிகாட்டியோடு ஒரு சின்னப் பகுதியைத்தான் காட்டுவார்கள், அதுவும் மே முதல் செப்டம்பர் வரைதான். குளிர்காலத்தில் அது வௌவால்கள் உறங்கும் இடம். விளக்கு அலங்காரம் எதுவும் இல்லாத நிஜக் குகை. இருட்டுக்குப் பயப்படாதவர்கள் போகலாம், மற்றவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம்.

எது முதலில்? காலையில் கோட்டை, பிறகு போஸ்டொய்னா. படி ஏறும் வேலையைக் கால் களைக்கும் முன் முடித்துவிட வேண்டும். போஸ்டொய்னாவில் குகைக்குள் ரயிலில் உட்கார்ந்து போகலாம். கோட்டையிலிருந்து இறங்கியதும் நேரே காருக்கு ஓடாமல் ஊரின் சின்ன தேவாலயம் வரை நட. பக்கத்தில் பழைய லிண்டன் மரம் ஒன்று நிற்கிறது. எராஸ்மஸைப் புதைத்த இடத்தில் அவன் காதலி நட்டது என்கிறார்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்துப் படம் எடு.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்று யாராவது உன்னிடம் சொன்னால், என் ஓட்டு கோட்டைக்கு. நல்ல சுண்ணாம்புக் குகை உலகில் பல இடங்களில் இருக்கிறது. குகைக்குள் ஒருவன் பேரரசரை எதிர்த்து உட்கார்ந்த வீடு இந்த ஒன்றுதான். ஆனால் அவ்வளவு தூரம் போயும் படி ஏறாமல் வாசலில் நின்று செல்ஃபி மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாயோ, அந்தப் படத்தை எனக்கு அனுப்பாதே.